கர்நாடக இசைக்கு நேயர்களே காசு போட்டு நடத்தும் வானொலி: நம்மால் முடியுமா?

விளம்பகாலம் (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு எட்டும் நிலையம் ஒன்றில் காலைக் கச்சேரி நேரம் குறைந்துகொண்டே வருகிறது. முன்பு ஆலாபனை, நிரவல், தனி ஆவர்த்தனம் என்று முழுசாகக் கேட்ட நேரத்தில் இப்போது இரண்டு கிருதி (பாட்டு) முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிடுகிறது. புகார் சொல்வதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. ஒரு யோசனை கேட்க வந்தேன்.

அமெரிக்காவில் பல செவ்வியல் இசை நிலையங்கள் கேட்பவர்கள் தரும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. நமக்கு அது ஏன் முடியாது? நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். அந்த ஜூலை 31 அன்றே ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. 40 வாட் டிரான்ஸ்மிட்டர், அவ்வளவுதான். அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறக்காத காலம் அது. அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் ஆர்வலர்கள் தாங்களே கூடிச் செய்தார்கள். 1927-இல் பணமுடையால் கிளப் நின்றது, டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அதாவது சென்னை வானொலியின் கொடிவழியில் முதல் ஆள் ஒரு நேயர் சங்கம்.

அப்போது நின்றுபோனதை இப்போது நிற்காமல் நடத்த வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி நேயர்

நல்ல கேள்வி. ஆனால் அந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி நிலையம் தொடங்கியது. வருமானம் எப்படி? ரேடியோ வைத்திருப்பவர் வருஷம் 10 ரூபாய் உரிமக் கட்டணம் கட்டணும், அதில் 80 சதவீதம் கம்பெனிக்கு. உரிமம் எடுத்தவர்கள் சில ஆயிரம் பேரைத் தாண்டவில்லை. எடுக்காமலே கேட்டவர்கள் நிறைய. 1930-இல் கம்பெனி கணக்கை மூடியது, அரசு எடுத்துக்கொண்டது.

ஆக, நேயர் பணத்தை நம்பி இங்கே இரண்டு முறை நிலையம் நின்றிருக்கிறது. ஒரு முறை விருப்பப்பட்டுக் கொடுத்த பணம், இன்னொரு முறை சட்டப்படி கட்ட வேண்டிய பணம். காற்றில் வருவதைக் கேட்கக் காசு கொடுக்காதவனை நிறுத்தவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு விடை சொல்லாமல் மேலே போக முடியாது என்று நினைக்கிறேன்.

1939-இல் திருச்சி நிலையம் வந்த பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஆதரவை நேயர்கள் தரவில்லை, அரசு தந்தது.

அட்லாண்டிக் அக்கரை

நான் இங்கே (அமெரிக்கா) பல வருஷமாக ஒரு செவ்வியல் நிலையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவள். திருச்சி நேயர் ஐயா கேட்ட கேள்விக்கு இவர்கள் 1949-இலேயே ஒரு விடை வைத்திருந்தார்கள். பெர்க்லியில் கே.பி.எஃப்.ஏ. என்ற நிலையத்தை லூயிஸ் ஹில் என்பவர் தொடங்கினார், நேயர் பணத்தில் மட்டும் நடப்பதற்காகவே. அவர் போட்ட கணக்கு இது: கேட்பவர்கள் எல்லாரும் கொடுக்க வேண்டாம். 100-க்கு 2 பேர் கொடுத்தால் போதும், மற்ற 98 பேர் சும்மா கேட்கலாம். காசு கொடுக்காதவரைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே கிடையாது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் அந்த 2 பேர் கொடுக்கிறார்கள்.

அதுவும் சுலபமாக நடக்கவில்லை. அடுத்த வருஷமே பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. நேயர்களே திரட்டிக் கொடுத்து மறுபடி காற்றில் ஏற்றினார்கள்.

எனக்குத் தெரிந்த இன்னொன்று சியாட்டிலின் கிங் எஃப்.எம். பல பத்தாண்டுகள் விளம்பரத்தில் ஓடிய நிலையம், 2011-இல் நேயர் நன்கொடைக்கு மாறியது. நியூயார்க்கின் டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர். நிலையத்தை நாளிதழ் நிறுவனம் 2009-இல் கைவிட்டபோது பொது வானொலி ஒன்று வாங்கி நேயர் ஆதரவில் நடத்துகிறது. இங்கே பொது ஒலிபரப்புக்கு நடுவண் அரசு தந்துவந்த மானியத்தில் 110 கோடி டாலரை 2025-இல் நாடாளுமன்றம் ரத்து செய்தது. பல நிலையங்களுக்கு அது பெரிய அடி. நேயர் பணத்தில் வேர் விட்டிருந்த நிலையங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன, மானியத்தையே பெரிதும் நம்பிய சிற்றூர் நிலையங்கள்தான் தவித்தன.

நாங்கள் பணம் கட்டும் விதம் பற்றி: வருஷத்தில் சில தடவை நன்கொடை வாரம் நடத்துவார்கள். அறிவிப்பாளர் பாட்டுக்கு நடுவே நேராகவே கேட்பார், "இந்த ஒரு மணிக்குள் இத்தனை பேர் சேர்ந்தால் ஒரு பெரிய மனிதர் அதே தொகையைத் தருகிறேன் என்கிறார்" என்று. அந்த வாரம் கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நிலையத்துக்கு நிஜமான பலம் அதில் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும் சின்ன மாதத் தொகையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அவர்களால் ஒரு கலைஞரிடம் தேதி கேட்க முடியும்.

இளம்பாடகி

எல்லாமே யூடியூபில் கிடைக்கும்போது வானொலி எதற்கு என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். யூடியூபில் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரைத்தான் தேடுவேன். ஒரு முறை சும்மா வானொலியைப் போட்டபோது ஜயந்தஸ்ரீ ராகத்தில் ஒரு கிருதி வந்தது. பாடியவர் யாரென்றே தெரியாது. கடைசியில் அறிவிப்பாளர் ராகம், தாளம், பாடியவர், வயலின், மிருதங்கம் என்று வரிசையாகச் சொன்னார். தம்புராவுக்குப் பின்னால் அந்தக் குரல் நிதானமாகச் சொல்லும் அந்த அரை நிமிஷம் எனக்குப் பாடம் மாதிரி. பக்கவாத்தியக்காரர் பெயரைக்கூட விடாமல் சொல்லும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்

இளம்பாடகி சொன்னதற்கு நன்றி, அம்மா. அந்த அரை நிமிஷத்துக்குப் பின்னால் வேலை நிறைய உண்டு. ஒலிப்பதிவு முடிந்ததும் கலைஞர் கொடுத்த பட்டியலை ஒலிநாடாவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கடைசி நேரத்தில் ஒரு கிருதியை மாற்றிப் பாடியிருப்பார்கள். ராகப் பெயர், இயற்றியவர், தாளம் மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் அறிவிப்பு எழுதுவோம்.

அரசு வானொலி இசைக்குச் செய்ததைச் சிறிதாகப் பேசிவிடக் கூடாது. குரல் தேர்வும் தரவரிசையும் அங்கே முறையாக வந்தன. பி, பி உயர், ஏ, டாப் என்று ஒரு சபாச் செயலாளரைத் தெரியாதவருக்கும் படிக்கட்டு இருந்தது. 1952-இல் தேசிய சங்கீத நிகழ்ச்சி, 1954 முதல் ஆகாசவாணி சங்கீத சம்மேளனம், வித்வான்களை வைத்து இசைப் பயிற்சி, திருவையாற்றிலிருந்து தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகள் நேரடி அஞ்சல். நாட்டை ராகம் தொடங்கி ஸ்ரீ ராகம் வரை ஐந்தும் முடியும் வரைக்கும் வீட்டில் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து கூடவே பாடுகிறவர்கள் எத்தனையோ பேர். 2016 முதல் ராகம் என்ற 24 மணி நேரச் செவ்வியல் அலைவரிசையும் இருக்கிறது, செயலியில் உலகத்தில் எங்கிருந்தும் கேட்கலாம். இதையெல்லாம் ஒரு நேயர் சங்கம் நாளைக்கே செய்துவிட முடியாது.

ஆனால் பணம் தருபவர் ஒருவராகவே இருந்தால் அவர் ரசனையே சட்டமாகிவிடும் என்பதையும் அங்கேயே பார்த்திருக்கிறோம். 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை வந்தது, முப்பது வருஷம் போல் நீடித்தது. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது செவ்வியல் இசையைத் தூக்கிப் பிடித்தார், அதற்கு நாம் நன்றி சொல்லணும். அதே கையோடு திரைப்பாட்டைச் சுருக்கினார். நேயர்கள் கூட்டமாக இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் திரைப்பாட்டுக்கு இடம் தரும் விவித் பாரதி சேவை வந்துதான் அதைச் சரிசெய்தது.

திருச்சி நேயர்

ஐயா சொன்ன அதே விஷயம்தான் என்னை உறுத்துகிறது. ஒரே புரவலர் ஆபத்து, ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் புரவலர்கள் மட்டும் ஆபத்து இல்லையா? காசு கொடுத்தவர் எல்லாரும் தனக்குப் பிடித்ததைக் கேட்பார். நன்கொடை வாரத்தில் யார் ஒரு மணி நேரம் தோடியில் ராகம் தானம் பல்லவி என்ற நீளமான உருப்படியைப் போடுவார்கள்? இரண்டு துக்கடா (சின்னப் பாட்டு), ஒரு தில்லானா, எல்லாருக்கும் தெரிந்த நாலு கிருதி, அவ்வளவுதான் மிஞ்சும். சபாக்களிலேயே விருப்பப் பாட்டைச் சீட்டில் எழுதி அனுப்பும் பழக்கம் எப்படி நிகழ்ச்சியை இழுக்கிறது என்று பார்க்கிறோமே.

அட்லாண்டிக் அக்கரை

அந்தக் குறை இங்கேயும் உண்டு, மறைக்க மாட்டேன். நன்கொடை வாரத்தில் நீளமான சிம்பொனிகள் குறைந்து, பழகிய சின்னத் துண்டுகள் வரும். ஆனால் மற்ற வாரங்களில் எனக்குப் பிடிக்காததும் நிறைய வருகிறது, அதற்காக நான் பணத்தை நிறுத்தியதில்லை. நான் கட்டுவது அந்த அறிவிப்பாளர்களின் தேர்வுக்கு. எனக்குத் தெரியாததை அவர்கள் போடுகிறார்கள் என்பதால்தான் கட்டுகிறேன். நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சி வேறு, நேயர் ஆதரவு என்பது வேறு. இரண்டையும் முதல் நாளே பிரித்து எழுதி வைத்துவிடணும்.

இங்கே நிலையத்துக்குப் பணம் தரும் நிறுவனங்களுக்குக்கூட ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பெயரையும் தொழிலையும் சொல்லலாம், "வாங்குங்கள்" என்று சொல்லக் கூடாது.

பண்பலைப் பொறியாளர்

அலை பற்றிச் சொல்கிறேன். முழு அளவு நிலையம் நமக்கு எட்டாது, தனியார் எஃப்.எம். உரிமம் ஏலத்தில் போகிறது. சமுதாய வானொலி ஒரு வழி. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் நிலையம் வந்தபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2006 முதல் லாப நோக்கமற்ற அமைப்புகளும் கேட்கலாம். தனிமனிதருக்குக் கிடையாது. சக்தி பொதுவாக 100 வாட், ஆன்டெனா உயரத்துக்கு வரம்பு உண்டு, எட்டும் தூரம் பத்துக் கிலோமீட்டரை ஒட்டி. மயிலாப்பூரில் வைத்தால் தாம்பரத்தில் கேட்காது. அதோடு அந்த உரிமத்தின் நோக்கமே சுற்றுவட்டார மக்களின் சொந்தக் குரல், முழு நேரக் கச்சேரிக்கு அதைக் கேட்பது முறையும் இல்லை.

இணைய ஒலிபரப்புக்கு உரிமம் தொல்லை குறைவு. 64 கிலோபிட் ஓடையில் ஒரு நேயர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 எம்.பி. 500 பேர் தினம் 4 மணி நேரம் கேட்டால் 57.6 ஜி.பி. இன்றைக்கு இது பெரிய செலவே இல்லை. தம்புரா, வயலின் நாதம் கெடாமல் இருக்க 96 வைத்தாலும் தாங்கும். ஆக, செலவு தொழில்நுட்பத்தில் இல்லை. வேறு இடத்தில் இருக்கிறது.

பதிப்புரிமைப் பித்தன்

அந்த வேறு இடம் இதுதான். கவனமாகப் படியுங்கள், பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

சாஹித்யத்துக்கு (இயற்றிய பாட்டுக்கு) ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, பாடியவருக்குத் தனி உரிமை. இயற்றியவர் மறைந்து 60 வருஷம் வரை சாஹித்யத்துக்குப் பாதுகாப்பு. மும்மூர்த்திகள் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) பற்றிக் கவலை வேண்டாம், தியாகராஜர் மறைந்தது 1847-இல். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், அவர் கிருதிகளுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம். அதனால் பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் பெரும்பாலும் திறந்துவிட்டன. அதற்குப் பிந்திய கேசட்டும் குறுந்தகடும் அப்படி இல்லை.

வானொலிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி பிரிவு இருக்கிறதே, நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு ஒலிபரப்பலாமே என்று கேட்பீர்கள். 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தச் சலுகை இணையத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அதனால் கைவசம் இருக்கும் பதிவுகளை எடுத்து ஓட்டலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். வீட்டில் பதிவுசெய்த சபாக் கச்சேரி நாடாக்களும் அதில் சேர்த்தி.

இளம்பாடகி

அப்படியானால் புதிதாகப் பதிவு செய்யலாமே! கலைஞருக்குச் சன்மானம் கொடுத்து, ஒப்பந்தம் எழுதி, ஒலிபரப்பும் உரிமையை வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. சபாவில் மதியக் கச்சேரி கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பக்கவாத்தியத்துக்குக் கொடுத்து ஆட்டோவுக்கும் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது. நேயர் பணம் முதலில் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் போகட்டும். வெளிச்சத்துக்காக இலவசமாகப் பாடுங்கள் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

விளம்பகாலம்

இதை நான் முழு மனசோடு ஏற்கிறேன். இலவசமாகப் பாடச் சொல்லும் நிலையம் நமக்கு வேண்டாம்.

இரட்டைப்பதிவு (கணக்கர்)

தொழில்முறையில் பட்டயக் கணக்கர். பணம் பற்றி மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

வாட்ஸாப் குழுவில் ஒருவர் தன் சொந்த யு.பி.ஐ. எண்ணைப் போட்டு வசூலிக்கக் கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. அறக்கட்டளையோ, பதிவுபெற்ற சங்கமோ, லாப நோக்கமற்ற 8ஆம் பிரிவு நிறுவனமோ தொடங்கி, 12ஏ, 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரிப் பதிவுகளை வாங்கிக்கொண்டால் கொடுப்பவருக்கு வரிச் சலுகையும் கிடைக்கும். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாதத் தொகைக்கு யு.பி.ஐ. ஆட்டோபே வசதியாக இருக்கும். ஒரு முறை ஒப்புதல் கொடுத்தால் போதும்.

அப்புறம் அட்லாண்டிக் அக்கரை அம்மா போன்றவர்கள் பற்றி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாக மூன்று வருஷம் நடந்த அமைப்பாக இருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். ஆகவே முதல் மூன்று வருஷம் இந்தியக் குடிமக்களின் பணத்தை நம்பித்தான்.

அட்லாண்டிக் அக்கரை

எனக்கு ஓ.சி.ஐ. அட்டைதான். அப்படியானால் மூன்று வருஷம் காத்திருக்கிறேன். அதுவரை நிகழ்ச்சிக் குறிப்பு எழுத, பழைய வாக்கேயக்காரர்கள் (பாட்டு இயற்றியவர்கள்) பற்றித் தகவல் சரிபார்க்க என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

திருச்சி நேயர்

என் கடைசிக் கவலையைச் சொல்லிவிடுகிறேன். நாம் இதைத் தொடங்கினால் அரசு வானொலி "ரசிகர்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்" என்று இருக்கிற நேரத்தையும் குறைத்துவிடும். கிராமத்தில் செயலி இல்லாமல், தரவு இல்லாமல், சின்ன டிரான்சிஸ்டரில் மத்திய அலை கேட்கிறவருக்கு நம் இணைய நிலையம் எந்த உதவியும் செய்யாது. அந்த வயதான நாதஸ்வர ரசிகரை விட்டுவிட்டு நமக்கு மட்டும் நல்ல ஒலி ஏற்பாடு செய்துகொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. நம் வரிப் பணமும் அந்த நிலையங்களில் இருக்கிறது, நாம் ஏற்கெனவே ஆதரவாளர்கள்தான். அதைக் கேட்டு வாங்கும் வேலையை யாரும் செய்வதில்லை.

ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்

திருச்சி நேயர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நிலையத்துக்கு வரும் கடிதம் வீண் போவதில்லை. ஆனால் "நிகழ்ச்சி நன்றாக இல்லை" என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த நிகழ்ச்சி அதிகாரியும் மேலிடத்தில் எதுவும் பேச முடியாது. தேதி, நேரம், எந்தக் கச்சேரி, எந்த இடத்தில் வெட்டப்பட்டது, அதற்குப் பதில் என்ன வந்தது என்று எழுதுங்கள். அதே நிகழ்ச்சி நன்றாக அமைந்த நாளிலும் எழுதுங்கள். பாராட்டு வந்த நிகழ்ச்சியின் நேரத்தைக் குறைப்பது எங்களுக்கு எப்போதுமே சிரமம். ஒரே வாசகத்தை நூறு பேர் நகல் எடுத்து அனுப்பினால் அது ஒரு கடிதமாகத்தான் எண்ணப்படும். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டு எழுதினால் கோப்பில் ஏறும்.

பண்பலைப் பொறியாளர்

அப்படியானால் இரண்டும் ஒரே சங்கத்தின் வேலையாக இருக்கட்டும். இணையத்தில் நாம் பதிவுசெய்யும் கச்சேரியை, கலைஞர் சம்மதித்தால், அரசு நிலையத்துக்கும் சமுதாய வானொலிகளுக்கும் கட்டணமில்லாமல் கொடுப்போம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர்கள் விருப்பம். ஒலித்தரம் அவர்கள் கேட்கும் அளவுக்கு இருக்க நான் பொறுப்பு.

திருச்சி நேயர்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்தால் நானும் மாதச் சந்தாவில் சேர்கிறேன்.

விளம்பகாலம்

சரி, இதுவரை பேசியதிலிருந்து நான் புரிந்துகொண்டபடி ஒரு வரைவு எழுதுகிறேன், திருத்துங்கள்.

24 மணி நேர நிலையம் என்ற ஆசையை இப்போதைக்கு வைத்துவிடலாம். வாரம் ஒரு கச்சேரி, ஞாயிறு காலை, இணையத்தில். இரண்டு மணி நேரம், நடுவில் எதற்காகவும் வெட்டு கிடையாது. எல்லாம் புதிய பதிவு, ஒப்பந்தத்தோடு. பக்கவாத்தியக்காரர்களுக்குத் தனித்தனியாகச் சன்மானம், முதன்மைக் கலைஞர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு நகர்வது கிடையாது. நாதஸ்வரம், வீணை, புல்லாங்குழல் மூன்றுக்கும் மாதத்தில் ஒரு வாரமாவது நிச்சயம். யார் பாடுவது என்பதை மூன்று பேர் குழு முடிவு செய்யும், சந்தாதாரருக்கு அதில் ஓட்டு இல்லை. எவ்வளவு பெரிய தொகை கொடுத்தவரும் கலைஞர் பெயரைச் சொல்லக் கூடாது. கேட்பதற்குக் கட்டணம் இல்லை, யாரும் கேட்கலாம். ஒவ்வொரு மாதமும் வரவு செலவு பொதுவில் போடப்படும். அரசு நிலையங்களுக்குக் கடிதம் எழுதுவது சங்கத்தின் நிரந்தர வேலை, அதற்குத் தனியாக ஒருவர்.

இளம்பாடகி

குழுவில் ஒரு பக்கவாத்தியக்காரரும் இருக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர்கள் மட்டும் இருந்தால் வீணையும் குழலும் இரண்டு மாதத்தில் மறந்துபோகும்.

ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்

அறிவிப்பு நான் எழுதித் தருகிறேன். பேச ஒரு இளைய குரலைப் பாருங்கள், பயிற்சி கொடுக்கிறேன். தெலுங்கு, சமஸ்கிருத சாஹித்யங்களின் உச்சரிப்புக்கு வாரம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

பதிப்புரிமைப் பித்தன்

ஒப்பந்த வரைவு என் பொறுப்பு. ஒலிபரப்பு, பிற நிலையங்களுக்குத் தருதல், காப்பகத்தில் வைத்தல் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்குவோம். கலைஞர் மூன்றாவதற்கு மறுத்தால் மறுக்கட்டும்.

இரட்டைப்பதிவு

பெயர் வைப்பதற்கு முன்னால் அறங்காவலர்கள் யார், வங்கியில் கையெழுத்திடும் இரண்டு பேர் யார் என்று முடிவு செய்யுங்கள். அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பத்திரம் பதிவாகிக் கணக்கு திறந்த பிறகுதான் சந்தா எண்ணை இந்த இழையில் போட வேண்டும். அதுவரை யாரும் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.